ஒச்சம்மாளும் ஐந்து சுமைதாங்கிக் கற்களும்

"நடக்கச் சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டாக்டர் ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். அதற்குப் பிறகு நோயாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவன் நான். என் வேலை வாழ்க்கையில் முக்கால்வாசி அப்படி நின்றதுதான்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கையிலும் அதே உத்தரவைத்தான் கொடுக்கிறார்கள். இப்போது சீட்டில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறார்கள், அவ்வளவுதான். வருடக்கணக்காக முதுகு வலி, இடுப்பு வலி, மூட்டு வலி என்று வருகிறவர்களைத் தினமும் நடக்க வைக்க வேண்டும். மாத்திரை கொடுப்பது சுலபம். வாயைத் திற என்றால் திறந்துவிடுவார்கள். காலை எடுத்து வை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொன்னால் என் வாத்தியார் எழுந்து வந்து மறுப்பார். ஆனால் போடிநாயக்கனூரில் கடைத்தெருவில் நின்று என் பெயரைச் சொல்லுங்கள். "அவரா, எங்க அம்மாவை எந்திரிச்சு நடக்க வச்சவராச்சே" என்று நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். படித்த டாக்டர்களே "அந்த ஆளைக் கூப்பிடு, அவன் சொன்னா நடப்பாங்க" என்று எனக்கு ஆள் விட்டிருக்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை எந்த அவமானத்திலிருந்து முளைத்தது என்பதையும் கேளுங்கள்.

அது ஐம்பதுகளில். எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். அதற்கு முன் நான் சுமைக்காரன். முந்தல் அடிவாரத்தில் அரிசியும் பருப்பும் தலையில் ஏற்றி, ஒற்றையடிப் பாதையில் மேடு ஏறி, ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, காய்ந்த ஏலக்காய் மூட்டையோடு கீழே வருவேன். என் வேகத்துக்கு ஈடு கொடுக்க அந்தப் பாதையில் ஆள் கிடையாது. ஒருநாள் வழியில் ஒருவன் கால் கிழிந்து கிடந்தான். என் துண்டைக் கிழித்து நான் போட்ட கட்டைப் பார்த்துவிட்டு, ஒரு தோட்டத்துக் கம்பவுண்டர், "இவ்வளவு சுத்தமா எவன்டா கட்டினது?" என்று கேட்டார். அடுத்த மாதம் அந்தத் தோட்டத்து மருந்தறையில் நான் டிரஸ்ஸர். புண் கழுவிக் கட்டுப் போடுகிறவன். காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான். அந்தச் சட்டையைப் போட்ட அன்றைக்கே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

தோட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கீழே ஓடைக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயம். மேலே காய் உலர்த்தும் ஸ்டோர், அதற்கு முன்னால் காலையில் பேர் வாசிக்கும் களம், களத்தின் ஓரத்தில் எங்கள் மருந்தறை. லயத்திலிருந்து களத்துக்கு ஏறுகிற பாதையில் ஐந்து சுமைதாங்கிக் கற்கள் உண்டு. பச்சைக்காய் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்காக, பழைய சுமைக்காரர்கள் இடுப்பு உயரத்துக்கு நட்டுவைத்தவை. பக்கத்தில் உட்கார ஒரு பலகைக் கல்லும் கிடக்கும். ஸ்டோரில் அடுப்பு எரிகிற நாட்களில் அந்தப் பாதை முழுக்க ஏலக்காய் வாசம் இறங்கி வரும். இன்றைக்கும் யாராவது பாயசத்தில் காயைத் தட்டிப் போட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாயசம் அல்ல, அந்தப் பாதைதான்.

ஒச்சம்மாள் அந்த லயத்தில் இருந்தாள். நாற்பது வயசுக்காரி. ஊர் சிலமலை. புருஷன் மாயன், தோட்டத்தில் கவாத்து வேலை, செடியில் காய்ந்ததை வெட்டிக் கழிப்பது. ஏலச்செடியில் காய் தலைக்கு மேலே காய்க்காது. தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். குனிந்து, குந்தி, இலைச் சருகை விலக்கி ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். இருபது வருடம் கிள்ளினாள். கடைசி மூன்று வருடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிள்ளினாள். அந்த வருடம் தை மாதத்திலிருந்து பாயை விட்டு எழுந்திருப்பதையே விட்டுவிட்டாள். மாயன் சமைத்தான், தண்ணீர் எடுத்தான், அவள் தலையைக்கூட அவனே வாரிவிட்டான்.

வைகாசியில் மூணாறுப் பக்கமிருந்து மாதம் ஒருமுறை வரும் டாக்டர், மாயன் தூக்கிக்கொண்டு வந்த அவளைப் பார்த்தார். முதுகைத் தட்டினார், காலைத் தூக்கச் சொன்னார், ஊசியால் பாதத்தைத் தொட்டுக் கேட்டார். "எலும்புல கோளாறு இல்ல. படுத்துப் படுத்துத்தான் இன்னும் மோசமாகுது. தினம் நடக்கச் சொல்லு" என்றார். ஜீப்பு கிளம்பிவிட்டது.

நான் காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன்: "அக்கா, டாக்டர் ஒன்னைய தினம் நடக்கச் சொல்லியிருக்காரு."

ஒச்சம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நடக்க முடிஞ்சா நான் எதுக்குய்யா டாக்டர்ட்ட வாறேன்?"

நாற்பது வருடத்தில் அந்தக் கேள்வியை நான் பலர் வாயில் கேட்டுவிட்டேன். நீங்களும் இந்த வாரமே கேட்பீர்கள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் என்ன செய்வான்? குரலை உயர்த்துவான். நானும் உயர்த்தினேன்.

அவளுக்கு அப்போது ஒரு கெடு இருந்தது. லயத்தில் அறை வேண்டுமானால் வீட்டுக்கு இரண்டு பேர் வேலைக்கு வர வேண்டும். அதுதான் தோட்டத்துச் சட்டம். சூப்பர்வைசர், பாவம், அவரும் போடிக்காரர்தான், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர், மாயனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆவணியில காய் எடுப்பு தொடங்குற மொத நாள் பேர் வாசிக்கையில ஒச்சம்மா களத்துல நிக்கணும்ப்பா. குந்தி வேல செய்ய முடியாட்டியும் ஸ்டோர்ல நின்னு காய் பெரட்டுற சோலி குடுப்பேன். ஆனா களத்துக்கு நடந்து வரணும். வரலேன்னா அறையைக் காலி பண்ணிக் குடுத்துரு. நான் என்ன பண்ணட்டும்?"

அறை போனால் இருவரும் சிலமலைக்கு இறங்கி அவள் அண்ணன் வீட்டில் ஒண்ட வேண்டும். ஒச்சம்மாளுக்கு இடுப்பு வலியைவிட அந்த நினைப்புத்தான் பெரிய வலி. "மதினி சோத்தைப் போட்டுட்டு மூஞ்சியைப் பாப்பா. அந்தச் சோறு எறங்குமா?" என்றாள் என்னிடம்.

மூன்று மாதம் இருந்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. மலையையே சுமையோடு ஏறினவன், ஐந்து சுமைதாங்கி தூரம் ஒருத்தியை ஏற்ற முடியாதா?

நான் சொன்ன வைத்தியம் இதுதான்: "வலி வர்ற வரைக்கும் நட. வலிச்சதும் நின்னுரு. ஒக்காரு. திரும்பி வந்துரு." கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இன்றைக்கும் உங்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் நாள் அவள் மாயன் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கல் வரை வந்தாள். நான் மருந்தறை வாசலில் நின்று கை தட்டினேன். மறுநாள் இரண்டாவது கல்லுக்குச் சற்று முன்னாலேயே வலி வந்தது, திரும்பிவிட்டாள். நாலாம் நாள் முதல் கல். எட்டாம் நாள் லயத்துத் தண்ணீர்த் தொட்டி. பத்துப் பன்னிரண்டு நாளில் வலி வாசற்படிக்கே வந்து அவளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. காலை வெளியே வைத்தாலே "வந்துருச்சு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் பேச்சைக் கேட்டு நடந்தவள் இப்படிக் குறுகிப் போனால் அந்தக் காக்கிச் சட்டைக்கு என்ன மரியாதை? லயத்துப் பெண்கள் எல்லாரும் நிற்கும்போது சொன்னேன்: "மொத நாள் ரெண்டாங்கல்லு வரைக்கும் வந்தவ, இன்னைக்கு வாசல்லயே ஒக்காந்தா என்ன அர்த்தம்? நடிக்கிறியாக்கா?"

ஒச்சம்மாள் அழவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மாயன் மட்டும் வெளியே வந்து நின்றான். கையில் கவாத்துக் கத்தி. வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான், அவ்வளவுதான், ஆனாலும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"ஏப்பா, அவ ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுட்டுக் கெடக்குறது ஒனக்குத் தெரியுமா? நீ பொத்தான் வச்ச சட்டை போட்டா ஒனக்கு அவ வலி தெரிஞ்சுருமா? இனிமே இந்தப் பக்கம் வராதே."

வலியோடு இருக்கிறவரைப் பார்த்து 'நடிப்பு' என்ற சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு நீங்கள் தேனாகப் பேசினாலும் அவர் காதில் அந்த ஒரு சொல்தான் கேட்கும். என் வேலையில் நான் திரும்ப வாங்க முடியாமல் தவித்த சொல் அது ஒன்றுதான்.

அந்த வாரம் சிஸ்டர் வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கத் தோட்டம் தோட்டமாக நடந்து வரும் மலையாளத்து மருத்துவச்சி. என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாகத்தான் இருப்பார். குடையும் ஒரு தகரப் பெட்டியும். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் "இந்த ஆளுக்கு என்ன அவசியம்?" என்று திட்டக்கூடிய ஆள். நான் ஒச்சம்மாளைப் பற்றிக் குறை சொல்லச் சொல்ல, அவர் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அதன் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார். சிஸ்டர் கூட வந்ததால் மாயன் வழிவிட்டான்.

முதலில் அவர் நடையைப் பற்றிப் பேசவே இல்லை. காய்ச்சல் வருகிறதா, உடம்பு மெலிகிறதா, கால் மரத்துப் போகிறதா, ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதில் அடக்க முடியாமல் போகிறதா என்று ஒச்சம்மாளிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எதுவும் இல்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "இதில் ஏதெங்கிலும் ஒண்ணு உண்டெங்கில் நடத்தக்கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு இறக்கணும். டாக்டர் பார்த்தாச்சுன்னு சொல்லி நீ கேக்காம இருக்கக்கூடாது. மாசம் ஒருக்க வர்ற டாக்டர், தினம் பார்க்கிறது நீயல்லே?"

இந்த வரியை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை, ஏனென்றால் நான் எந்தப் பாடப் புத்தகமும் படிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாரை நடக்க வைப்பதற்கு முன்பும் இதைக் கேட்காமல் விட்டதில்லை. பிற்காலத்தில் இந்தக் கேள்வியால் மதுரைக்கு அனுப்பப்பட்டுக் கால் பிழைத்த ஒருவர் போடியில் இன்னும் சைக்கிள் ஓட்டுகிறார்.

திரும்பி ஏறும்போது மூன்றாவது கல்லில் சிஸ்டர் பெட்டியை இறக்கி வைத்தார்.

"எடோ, நீ முன்ன சுமடு எடுத்த ஆளல்லே?"

"ஆமா சிஸ்டர். முந்தல்லேர்ந்து மேடு வரைக்கும் என்னைய அடிக்க ஆளில்ல."

"அது இருக்கட்டும். சுமடை எப்போ இறக்கி வைக்கும்? கழுத்து வலிச்சாலா?"

"கழுத்து வலிச்சப்புறம் எறக்குனா அன்னைக்கு ஏறுன மாதிரிதான். கல்லு வந்தா எறக்கிருவோம். வலிச்சாலும் வலிக்காட்டியும் கல்லுக்குக் கல்லு எறக்கணும். அதான் பாதை மொற."

"அப்போ தெம்பா இருக்கிற நாள்?"

"அன்னைக்குத்தான் கண்டிப்பா எறக்கணும். 'இன்னைக்குத் தெம்பா இருக்கு'ன்னு ரெண்டு கல்லைத் தாண்டிப் போறவன் மறுநாள் படுத்துருவான். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். சிஸ்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு, "வெரசா வா, மழை வரும்" என்று எங்கள் தமிழிலேயே சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

சுமைக்காரன் எவனுக்கும் தெரிந்த முறை அது. பத்து வருடம் என் கழுத்தைக் காப்பாற்றிய முறை. சட்டை மாறியதும் அதைச் சுமைக்காரன் சமாச்சாரம் என்று கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளிடமோ, வலியையே நிற்கும் இடமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். வலி நிற்கிற இடத்திலேயே நிற்கக்கூடிய கல்லா? அது தினம் ஓரடி கீழே இறங்கி வந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை, அதனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒச்சம்மாள் பாயருகே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. நடிப்புன்னு சொன்னதும் தப்பு, நடக்கச் சொன்ன விதமும் தப்பு."

"ரெண்டுல எதுக்கு வந்தே?" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

"ரெண்டுக்கும்."

மாயன் அடுப்படியிலிருந்து, "ரெண்டும் வேணாம், அவளுக்கு ஓய்வு வேணும்" என்றான்.

"மாமா, ஆறு மாசமா ஓய்வுதான் எடுக்குறா. கொறஞ்சிருக்கா?"

அவன் குனிந்து அடுப்பை ஊதினான். கெட்ட மனிதன் இல்லை அவன். நீங்கள் வீட்டுக்கு வீடு பார்க்கப் போவது கெட்டவர்களை இல்லை, மாயன்களைத்தான். அன்பு மிகுந்து ஆளை அசையவிடாமல் வைத்திருப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

நான் ஒச்சம்மாளிடம் கேட்டேன்: "ஒனக்கு இருக்குறதுலேயே மோசமான நாள் எது? அன்னைக்கும் பல்லைக் கடிக்காம எது வரைக்கும் போய்ட்டு வர முடியும்?"

யோசித்தாள். "தண்ணித் தொட்டிக்குப் பாதி தூரம். அங்கன ஒரு கொய்யாமரம் நிக்குதுல்ல, அது வரைக்கும்."

"அது போதும். காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. கொய்யாமரத்துல ஒக்காரு. வலிச்சாலும் கொய்யாமரம், வலிக்காட்டியும் கொய்யாமரம். அதுக்கு மேல ஓரடி வைக்கப்படாது."

அவள் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்புட்டுத்தானா? இதையா டாக்டரு ஜீப்புல வந்து சொல்லிட்டுப் போனாரு?" என்று சிரித்தாள்.

மாயனுக்கு நான் கொடுத்த வேலை: அவள் கொய்யாமரத்தைத் தாண்டினால் பிடித்து நிறுத்துவது. தடுப்பது அவனுக்குப் பிடித்த வேலை அல்லவா, சந்தோஷமாக ஒத்துக்கொண்டான்.

வலிக்காது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொய்யை நீங்களும் சொல்லாதீர்கள். "வலிக்கும்க்கா. வலிச்சா ஒடைஞ்சு போச்சுன்னு நெனைக்காதே. துருப்பிடிச்ச கீலு மொத நாள் கத்தத்தான் செய்யும்" என்றேன். இது சிஸ்டர் சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு.

வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கொஞ்சம் நீட்டினோம். கொய்யாமரத்திலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து ஓடைப் பலகை, பிறகு முதல் கல். ஒவ்வொரு சாயங்காலமும் நான் இறங்கிப் போவேன். "வலி எப்படி இருக்கு?" என்று முதல் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டால் வலி எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லும். "இன்னைக்கு என்னக்கா பாத்தே?" என்று கேட்பேன். ஓடையில் யார் யாரோடு பேசவில்லை, எந்த மரத்தில் கருங்குரங்கு குட்டி போட்டிருக்கிறது, எவள் வீட்டுச் சேலை எவள் கொடியில் காய்கிறது, எல்லாம் சொல்வாள். ஆறு மாதம் கூரையை மட்டும் பார்த்துக் கிடந்தவள். அந்தச் சேதிகளுக்காகவே லயத்துப் பெண்கள் அவள் வாசலில் கூட ஆரம்பித்தார்கள். நானும் வலியைப் பற்றிக் கேட்க மறந்து, நேரத்தை மறந்து உட்கார்ந்திருப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சாயங்காலங்கள் பிறகு வந்ததில்லை.

ஆடியில் ஒரு சறுக்கல். ஒருநாள் காலை அவளுக்கு உடம்பு இறகு மாதிரி இருந்ததாம். முதல் கல்லில் உட்கார வேண்டியவள், மாயன் வேலைக்குப் போன நேரம் பார்த்து மூன்றாவது கல் வரை ஏறிவிட்டாள். அங்கிருந்து, "தம்பி, பாத்தியா!" என்று மேலே மருந்தறையைப் பார்த்துக் கை ஆட்டினாள். இந்த முறை நான் கை தட்டவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் பாயில் கிடந்தாள்.

திட்டுவேன் என்று எதிர்பார்த்துப் படுத்திருந்தாள். நான் திட்டவில்லை. "அந்தத் தெம்பு இருக்கே, அதான்க்கா திருட்டுப்பய. வலி சொல்லிட்டு வரும், தெம்பு சொல்லாமக் கூட்டிட்டுப் போயிரும்" என்றேன். மறுபடி முதல் கல்லிலிருந்து தொடங்கினோம். கெடுவுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அவள் அவசரப்பட்டாள், மாயன் அவசரப்பட்டான். உள்ளுக்குள் நானும் அவசரப்பட்டேன். ஆனாலும் வாரத்துக்கு ஒரு கல்லுக்கு மேல் தூரத்தை நீட்டவில்லை. அந்த மூன்று வாரம் வாயைக் கட்டியதுதான் நான் செய்த வேலைகளிலேயே கடினமானது என்று இப்போதும் சொல்வேன்.

காய் எடுப்புக்கு முந்தின வாரம் அவள் நாலாவது கல்லைத் தொட்டிருந்தாள். ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, எழுந்து. ஐந்தாவது கல்லுக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. அதற்கு மேலே களம்.

அந்த நாள் விடியும்போதே சாரல். பாதையில் சேறு, அட்டை, கண்ணை மறைக்கும் மஞ்சு என்ற மலைப்பனி. களத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் இரும்புத் துண்டை முதல் தடவை அடித்தார்கள். ஆண்கள் வழக்கம்போல் கவாத்துக் காட்டைச் சுற்றி வரும் இன்னொரு வழியில் களத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். மாயன் என் பக்கத்தில் வந்து நின்றான். சூப்பர்வைசர் பேரேட்டைச் சாக்குக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தார்.

மஞ்சு கொஞ்சம் விலகியது. கீழே முதல் கல்லில் ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"மொதக் கல்லுலயே ஒக்காந்துட்டாளேப்பா" என்றார் சூப்பர்வைசர்.

"அப்படித்தான் வருவா அண்ணே" என்றேன்.

மாயன் என் கையைப் பிடித்தான். "சத்தம் குடு தம்பி. 'ஒருநாள்தானே, ஒக்காராம வெரசா வா'ன்னு சொல்லு. நீ சொன்னா வருவா."

வருவாள். அதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கத்தினால் ஐந்து கல்லையும் ஒரே மூச்சில் ஏறி வந்து களத்தில் நிற்பாள், பேர் கொடுப்பாள். அறை நிற்கும். மறுநாள் பாயில் விழுவாள். அதற்கு மறுநாள் பேர் வாசிக்கையில் யார் நிற்பது? கத்தாவிட்டால் அறையே போய்விடலாம். போனால் என்னால் போனது. தம்பி, இந்த இடத்துக்கு எந்தச் சீட்டிலும் மருந்து எழுதியிருக்காது. நான் வாயைத் திறந்தேன். திரும்ப மூடிக்கொண்டேன். மாயன் என் கையை உதறினான்.

இரும்புத் துண்டை இரண்டாம் தடவை அடித்தார்கள். மஞ்சு மூடிக்கொண்டது. சூப்பர்வைசர் பேரேட்டைப் பிரித்துப் பெண்கள் பட்டியலில் முதல் பெயரை வாசித்தார். பதில் இல்லை. இரண்டாவது பெயர். பதில் இல்லை. மூன்றாவதை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். பெண்கள் பக்கம் களம் காலியாகக் கிடந்தது. ஒச்சம்மாள் மட்டுமல்ல, ஒருத்தியும் வந்திருக்கவில்லை.

காற்று வந்து மஞ்சு கிழிந்தது. மூன்றாவது கல்லில் ஒச்சம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி, பாறையிலும் வேரிலும் கூடையைக் கவிழ்த்துப் போட்டும், காய் எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! என்ன கலியாண வீடா? வெரசா வாங்கடி!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது: "வாறோம்ண்ணே! கல்லுக்குக் கல்லு ஒக்காந்துதான் வரணுமாம். மருந்துக்காரத் தம்பி உத்தரவு!"

பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒச்சம்மாளைத் தவிர வேறு யாருக்கும் நான் அப்படி உத்தரவு போடவில்லை. அந்த யோசனை என் தலையில் முளைத்தது என்று வெகுகாலம் பலரிடம் அளந்திருக்கிறேன். முளைக்கவில்லை. இரண்டு மாதமாகச் சாயங்காலச் சேதி கேட்க அவள் வாசலில் கூடியவர்கள், அவர்களாகவே பேசிக்கொண்டு வந்தது அது. நோயாளியை நடக்க வைப்பது நாம்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கூட நடக்க ஆள் இருந்தால்தான் நடை தங்கும். பிறகு நான் யாரைப் பார்க்கப் போனாலும், அவரோடு கூட நடக்க யார் இருக்கிறார்கள் என்று தேடிவிட்டுத்தான் தூரத்தைப் பேசினேன்.

நாலாவது கல்லில் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது கல்லிலும் உட்கார்ந்தார்கள். எங்கள் கண்ணெதிரே, இருபது எட்டு தூரத்தில், சாரலில் நனைந்தபடி. யாரும் அவசரப்படவில்லை. பிறகு ஒச்சம்மாள் முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். அவள் எழுந்த பின்தான் மற்றவர்கள் எழுந்தார்கள்.

சூப்பர்வைசர் திரும்ப முதலிலிருந்து வாசித்தார். "ஒச்சம்மா" என்று வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. இடுப்பில் ஒரு கை இருந்தது. வலி அன்றைக்கும் இருந்தது, அவள் சாகும்வரை அவளோடு இருந்தது.

"நிக்கிறேன் அண்ணே" என்றாள்.

அவளுக்குத் தாமதம் என்று எழுதினால் அத்தனை பேருக்கும் எழுத வேண்டும். காயோ செடியில் பழுத்துக் கிடக்கிறது. அவர் ஒச்சம்மாள் பேருக்கு நேரே வருகைக் குறி போட்டுவிட்டுப் பென்சிலைக் காதில் செருகினார்.

"நாளையிலேருந்து எல்லாரும் அரை மணி முன்னாடி கெளம்புங்க" என்று உறுமிவிட்டு ஸ்டோருக்குள் போனார்.

மறுநாள் விடியலில் மருந்தறைக் கதவைத் திறந்தேன். கீழே லயத்தில் வழக்கத்துக்கு அரை மணி முன்னதாகவே எல்லா அடுப்பிலும் புகை ஏறிக்கொண்டிருந்தது.